அண்ணன் டிக் அடித்த புத்தகம்

என்னிடம் ஒரு பழைய கைடு இருக்கிறது. அட்டை போய்விட்டது, முதல் பதினாறு பக்கங்களும் போய்விட்டன. தொழிற்கல்வி நுழைவுத்தேர்வுக்கான கொள்குறி வினாக்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் எல்லாம் ஒரே கட்டில். 1994இல் அண்ணனுக்காக வாங்கியது. 1996இல் அதே தேர்வுக்கு நான் படிக்க உட்கார்ந்தபோது எனக்கென்று ஒன்று வாங்கவில்லை. “அதான் வீட்டுல இருக்கே” என்றார் அப்பா. இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விடைகள், அவற்றில் ஒன்றின் மேல் அண்ணனின் நீல மை டிக்.

விடை தெரியாமல் எழுதினால்தான் அது பயிற்சித் தேர்வு. டிக் அடித்த புத்தகத்தில் கண் முதலில் டிக்கைத்தான் பார்க்கும். காலண்டர் அட்டையை நீளவாக்கில் வெட்டி விடைகளை மறைத்துப் பார்த்தேன். மறைத்தால் நான்கு விடைகளும் சேர்ந்து மறைந்துவிடும். பேனா மை அழியாது. ரப்பரைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்ததில் தாள் ஓட்டையானதுதான் மிச்சம். கடைசியில் மறைப்பதை விட்டுவிட்டு டிக்கைப் பார்த்தே படித்தேன். அண்ணன் தப்பாக டிக் அடித்த இடங்களையும் சேர்த்துத்தான் படித்திருக்கிறேன் என்பது தேர்வு முடிந்து, கடைசிப் பக்கங்களில் இருந்த விடைப்பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. அதை முன்பே செய்யத் தோன்றவில்லை. அண்ணன் சரியாகத்தான் போட்டிருப்பான் என்று யாரும் சொல்லாமலே நம்பியிருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தின் விலை 140 ரூபாய். அம்மாவும் நானும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட கூலி அது. துணியை நகத்தால் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். நாலு சேலைக் கூலியைச் சேர்த்து மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்துக்குப் போனோம். அப்போது அங்கே தையல்காரர்களுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே புத்தகக் கடைகள் இருந்தன. கடைக்காரர் மூன்று கைடுகளை எடுத்துப் போட்டார். இருப்பதிலேயே கனமானதை அண்ணன் எடுத்தான். நல்ல கைடு எது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்தோம்.

நுழைவுத்தேர்வின் வரலாற்றை அரசாணைகள் வழியாகவும் தீர்ப்புகள் வழியாகவும் எழுதியிருக்கிறார்கள். வரலாறு சொல்லிக்கொடுப்பவள் என்பதால் அவற்றை நானும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் தேர்வுக்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. படிக்கிற புத்தகம் யார் கைக்கு முதலில் வந்தது? ஒவ்வொரு வீட்டிலும் நடந்த இந்தச் சின்ன விநியோகம் எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை. என் வீட்டு ஆவணம் அட்டை போன இந்தப் புத்தகம்தான்.

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் தொடங்கியபோது கல்லூரிக்குள் நுழையும் கதவு ஒரு தேர்வுதான். கல்கத்தாவில் அதன் பெயரே ‘என்ட்ரன்ஸ்’, சென்னையில் மெட்ரிகுலேஷன். பெண்கள் எழுதலாமா என்ற கேள்வியைச் சட்டம் போட்டவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. 1876இல் டேராடூனிலிருந்து சந்திரமுகி பாசு எழுதக் கேட்டபோதுதான் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கேள்வி வந்தது. எழுத விட்டார்கள், தேறும் தரம்தான் என்றும் ஒப்புக்கொண்டார்கள். தேறியவர் பட்டியலில் மட்டும் பெயரைச் சேர்க்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து காதம்பினி பாசு அதே தேர்வை முறைப்படி எழுதித் தேறினார். ஒரே ஒரு மதிப்பெண்ணில் முதல் வகுப்பு தவறியது. 1883இல் இருவரும் பட்டம் பெற்றார்கள். பிறகு காதம்பினி கங்குலியாகி மருத்துவரும் ஆனார்.

நம் பக்கத்தில் 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் எனக்கு நெருக்கமான கதை புதுக்கோட்டை முத்துலட்சுமியுடையது. பருவம் வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இல்லாத காலம். வீட்டிலேயே படித்து, தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அப்பா நாராயணசாமி மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அந்தக் கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஊரே எதிர்த்தபோது மன்னர் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912இல் மருத்துவரானார். இதைச் சாதனைக் கதையாகச் சொல்வதில் தப்பில்லை. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அந்த வீட்டில் புத்தகம் இருந்தது, சொல்லிக்கொடுக்க அப்பாவும் ஆசிரியர்களும் இருந்தார்கள். கதவைத் தாண்டாமல் மெட்ரிகுலேஷன் படிக்க வேறு எத்தனை பெண்களுக்கு வாய்த்திருக்கும்?

கைடு அப்போதே வந்துவிட்டது. பல்கலைக்கழகம் பாடநூலை நிர்ணயித்தால் கூடவே அதற்கு நோட்ஸும் கடைக்கு வரும். கர்சன் காலத்தில் 1902இல் உட்கார்ந்த பல்கலைக்கழக ஆணையம், மாணவர்கள் நூலைப் படிக்காமல் நோட்ஸை உருப்போடுகிறார்கள் என்று கடிந்துகொண்டது. நல்ல ஆசிரியரும் நூலகமும் உள்ளவர்களுக்கு நோட்ஸ் கேவலமாகத்தான் தெரியும். அவை இல்லாதவர்களுக்கு நோட்ஸ்தான் ஆசிரியர். தமிழ்நாட்டில் கோனார் உரையைக் கேலி செய்யாதவர் இல்லை, அதைப் புரட்டாமல் தமிழில் தேறியவரும் அதிகம் இல்லை. வீட்டுவேலையை முடித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குமேல் படிக்க உட்காரும் பெண்ணுக்குச் சுருக்கமாகச் சொல்லும் புத்தகம் ஒரு வரம். கைடு படிப்பவர்களை இளக்காரமாகப் பேசும் பேராசிரியர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாததற்கு இதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான பொது நுழைவுத்தேர்வு எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் வந்தது. நேர்காணலில் நடந்த சிபாரிசுகளையும் பிராக்டிகல் மதிப்பெண்களில் நடந்த தாராளத்தையும் ஒழிக்கும் என்று சொன்னார்கள். அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தேர்வு வந்ததும் பள்ளிக்கு வெளியே ஒரு சந்தை வந்தது. சென்னையில் தபால்வழிப் பயிற்சி நிறுவனங்கள் ஏற்கெனவே ஐஐடி தேர்வுக்காகப் பெயர் வாங்கியிருந்தன. மாதாமாதம் பார்சல் வரும். எங்கள் தெருவில் அப்படிப் பார்சல் வந்த வீடு ஒன்றுதான். அதுவும் அந்த வீட்டுப் பையன் பெயருக்கு. பிரித்துப் படிக்க முடியாவிட்டாலும் கவரையாவது பார்ப்போம் என்று தபால்காரரை நிறுத்தியிருக்கிறேன். மற்றவர்களுக்குக் கடைக் கைடு. அதுவும் எட்டாதவர்களுக்குப் பள்ளியில் ஆசிரியர் எப்போதாவது கரும்பலகையில் எழுதிப்போடும் பத்துக் கேள்விகள்.

என் காலத்தில் கணக்கு இப்படி இருந்தது: பிளஸ் டூ மதிப்பெண் 200க்குச் சுருக்கப்படும், நுழைவுத்தேர்வு 100க்கு, மொத்தம் 300. எனக்கு 200க்கு 191, நுழைவில் 100க்கு 61. மொத்தம் 252. மருத்துவத்துக்கு எட்டவே எட்டாது. இரண்டு ஆண்டுக்கு முன் அண்ணனுக்கு 200க்கு 168, நுழைவில் 79, மொத்தம் 247. என்னைவிட ஐந்து குறைவு. அவனுக்கு அப்பா கடன் வாங்கித் தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் பிடித்தார். என் 252ஐ வைத்துப் பொறியியல் கிடைக்குமா என்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் பஸ்ஸில் வீடு திரும்பக்கூடிய பெண்கள் கல்லூரியில் மிச்சமிருந்த இடம் பி.ஏ. வரலாறு. வரலாறு பிடித்தது வேறு விஷயம். பிடித்ததால் போகவில்லை.

ரொம்ப காலம் 61 என் மூளையின் அளவு என்று நினைத்திருந்தேன். பள்ளியில் உருப்போட்டு எழுத வரும், யோசித்து எழுத வராது. பெண் பிள்ளைகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும் சொல்தானே? பிளஸ் டூவில் ஆண்டுதோறும் மாணவியர் தேர்ச்சி விகிதம் மாணவர்களைவிட அதிகம் என்று செய்தி வரும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இந்தச் சொல் எல்லா ஊரிலும் இருக்கிறது என்பது முதுகலை படிக்கும்போதுதான் தெரியவந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் பள்ளி முடிப்பவர்களுக்கான உதவித்தொகையை எஸ்ஏடி மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கொடுத்துவந்தது. பள்ளி மதிப்பெண்ணில் பையன்களுக்குக் குறையாத மாணவியர் அந்தத் தேர்வில் பின்தங்கினார்கள், உதவித்தொகையில் பெரும்பங்கு பையன்களுக்குப் போனது. மாணவியர் வழக்குத் தொடுத்தார்கள். இந்தத் தேர்வை மட்டும் வைத்து உதவித்தொகை கொடுப்பது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று 1989இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. பெண்களுக்கு மூளை எப்படி என்று நீதிபதி ஆராயப் போகவில்லை. பள்ளியில் என்ன சாதித்தார்கள் என்பதற்குப் பரிசு கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, அதை அளக்காத தேர்வை ஏன் வைக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். அதைப் படித்த அன்று ஊருக்கு வந்ததும் பரணில் ஏறி அந்தக் கைடைக் கீழே இறக்கினேன். அண்ணனின் டிக்கும் விடைப்பட்டியலும் எங்கெங்கே மாறுகின்றன என்று முழுதாக எண்ணினேன். உயிரியலில் மட்டும் நூற்றுக்கு மேல்.

தமிழ்நாட்டு நுழைவுத்தேர்வைக் கிராமப்புற மாணவர்களுக்கு அநீதி என்று சொல்லி 2005இல் அரசாணை மூலம் நீக்கினார்கள், உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து கொண்டுவந்த சட்டமும் நிற்கவில்லை. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2006இல் இயற்றிய சட்டத்துக்கு 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அப்போதிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்.

அடுத்த பத்து ஆண்டை யாராவது பொற்காலம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டியது அப்போதுதான். அங்கே கட்டிய பணமும் பெரும்பாலும் பையன்களுக்காகக் கட்டிய பணம். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. தேர்வுக்குரிய புத்தகம் அரசு இலவசமாகக் கொடுத்த பாடநூல். ஆளுக்கு ஒன்று. பள்ளியில் அவள் பெயரைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுப்பார்கள். அண்ணனுக்குப் போய்விட்டு அவளுக்கு வருகிற வழி அங்கே இல்லை.

நீட் 2013இல் ஒருமுறை வந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் போய், 2016இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றதால் மறுபடி வந்தது. தமிழ்நாட்டுக்கு 2017இலிருந்து விலக்கில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்திருந்தார். நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 2017 செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். மாணவிகள் யாரும் அன்று பாடம் கேட்கவில்லை, நானும் நடத்தவில்லை. அவர் படித்தது மாநிலப் பாடநூல், கேட்கப்பட்டது என்சிஇஆர்டி பாடம். 1176க்கும் 86க்கும் இடையில் இருந்தது இன்னொரு புத்தகம். என் 61ஐ அன்றிரவு நினைத்துக்கொண்டேன், இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று தெரிந்தும்.

2018இல் தமிழில் அச்சான வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. சிறுத்தை வரவேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று இருந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது, அது உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்த ஆண்டு நம் பிள்ளைகள் சிலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தானிலும் மையம் போட்டார்கள். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப முடியாது என்று தேர்வையே விட்ட வீடுகள் எனக்குத் தெரியும். தேர்வுக்கூட வாசலில் காதுத் தோட்டையும் கொலுசையும் கழற்றச் சொல்வது பழகிவிட்டது. 2017இல் கண்ணூரிலும் 2022இல் கொல்லத்திலும் உள்ளாடை வரை போனதாகப் புகார் எழுந்தது. எந்தப் பயிற்சித் தேர்விலும் இதற்குப் பயிற்சி கிடையாது.

இவற்றையெல்லாம்விட ஓசையில்லாமல் நடந்தது வேறொன்று. ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை முயன்றவர்கள் சுமார் 12 விழுக்காடு. 2020-21இல் 71 விழுக்காடு. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட இன்னொரு எண்: அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் பயிற்சி மையத்துக்குப் போகாதவர்கள் 48 பேர். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால், மருத்துவ இடம் என்பது ஒரு வருடமும் ஒரு கட்டணமும் கூடுதலாகக் கிடைத்த பிள்ளைக்குத்தான். அந்த ஒரு வருடத்தைப் பெண்ணுக்கு யார் கொடுக்கிறார்கள்? 2024 நீட்டுக்குப் பதிவு செய்த சுமார் 24 லட்சம் பேரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். எழுத அனுப்புகிறோம். இரண்டாம் முறை அனுப்புகிறோமா என்பதுதான் என் கேள்வி.

என் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 2020இல் நீட் எழுதினான், கிடைக்கவில்லை. மறுபேச்சில்லாமல் ஒரு வருட விடுதிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதிலும் கிடைக்காமல் இப்போது பல் மருத்துவம் படிக்கிறான், நல்ல பையன். இளையவள் 2023 மே மாதம் எழுதினாள். 391. அந்த ஆண்டு முதலிடத்தைப் பகிர்ந்த இருவரில் ஒருவர் தமிழ்நாட்டுப் பையன் என்று அண்ணன் பேப்பரை அவள் முன்னால் மடித்து வைத்தான். “இன்னொரு தடவை எழுதுறேம்ப்பா” என்றாள். “அவனுக்குச் செலவழிச்சு என்ன ஆச்சு? ஒரு வருசம் பொம்பளப் பிள்ள வீட்டுல சும்மா இருந்தா நாலு பேரு கேப்பாங்க” என்றான் அண்ணன். மதினி எதுவும் சொல்லவில்லை. அன்று மதினியின் முகத்தில் பார்த்தது 1996இல் என் அம்மாவின் முகம்.

“எங்கிட்ட இருக்கட்டும்” என்றேன். அவ்வளவு தைரியமாக நான் அண்ணனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நாலு பேர் கேட்டால் அத்தை வீட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்வதாக ஒப்புக்கொண்டான். அவள் வந்து சேர்ந்தபோது கூடவே இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. மூத்தவனின் பயிற்சி மையப் புத்தகங்கள். “புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம், அதுலயே எல்லாம் இருக்கு” என்று அண்ணன் போனில் சொன்னான். பெட்டியைப் பிரித்து மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினாள்.

“அத்தை, இதுல டிக் அடிச்சிருக்கு. எனக்கு எதுக்கு?”

பெட்டியைத் திரும்ப மூடி ஓரமாகத் தள்ளினாள். எனக்கு இருபத்தேழு வருடத்தில் சொல்ல வராத வாக்கியம்.

உடனே நான் கடைக்குப் போய் ஏழு கைடு வாங்கி வந்தேன். நாலாயிரம் ரூபாய்க்கு மேல். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. 1994இல் கனத்தைப் பார்த்து வாங்கிய அதே முட்டாள்தனத்தை, காசு இருந்ததால் ஏழு மடங்காகச் செய்தேன். ஒரே கேள்வி நாலு புத்தகத்தில் இருந்தது. ஒன்றில் விடைப்பட்டியலே தப்பு. நாங்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், அவளுக்கு உறுதியாகத் தெரிந்த இருபது கேள்விகளை மட்டும் எடுத்து விடைப்பட்டியலோடு சரிபார்த்தாள். இருபதில் மூன்று பொருந்தவில்லை. அந்தப் புத்தகம் அன்றே ஓரம் போனது. இந்தச் சோதனையைக் கடையில் நின்றுகொண்டே செய்யலாம், கால் மணி நேரம் ஆகும். அப்போதிலிருந்து என் மாணவிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறேன்.

இன்னொன்றும் கவனித்தாள். சில புத்தகங்கள் சரியான விடையை மட்டும் சொல்கின்றன. சில, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் சொல்கின்றன. சரியான விடைக்கு நாலு மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும் என்கிற தேர்வில், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று தெரிவது பாதிப் படிப்பு. அதைச் சொல்லித்தருவது இரண்டாவது வகைப் புத்தகம்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாத பெண்ணுக்கு அந்த விளக்கம்தான் வாத்தியார். ஏழில் இரண்டே அப்படி இருந்தன, அதில் ஒன்று இருப்பதிலேயே ஒல்லியான புத்தகம்.

அக்டோபரில் இன்னொரு செய்தி வந்தது: 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள், சில பகுதிகள் இல்லை. மூத்தவனின் பெட்டியை நம்பியிருந்தால், இல்லாத பாடத்தை அவள் மார்கழி வரை படித்திருப்பாள். பழைய பதிப்பைத் தங்கைக்குத் தள்ளிவிடும் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அப்படிப் படித்தார்களோ.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் அதிகாரபூர்வ விடைகளும் தேர்வு முகமையிடமே காசில்லாமல் கிடைக்கின்றன. என்சிஇஆர்டி பாடநூல்களும் அப்படியே. தமிழில் இல்லை என்பது என் கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரிய குறை. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் ஓஎம்ஆர் தாளை நூறு நகல் எடுத்தோம். ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசை தேர்வுக்கூடம். உண்மைத் தேர்வும் இரண்டு மணிக்குத்தான். மூன்று மணி இருபது நிமிடம், 180 விடை. முதல் மூன்று வாரம் பாதியில் எழுந்தாள். பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் எழுவாள், யாராவது கதவைத் தட்டினால் எழுவாள், குக்கர் விசில் எண்ணுவாள். யாரும் அவளை எழச் சொல்லவில்லை. உடம்பு தானாக எழுந்தது. மூத்தவன் இப்படி எழ மாட்டானா என்று கேட்டேன். “அவனுக்குக் குக்கர் விசிலே கேக்காது, அத்தை” என்றாள். மூன்று மணி நேரம் தொடர்ந்து ஒரே இடத்தில் உட்கார அவளுக்கு நவம்பர் வரை ஆனது. மாதிரித் தேர்வில் அவள் பயின்றது இதைத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என் 61இலும் இதற்கு ஒரு பங்கு இருந்திருக்கும்.

2024 மே 5 அன்று எழுதினாள். ஜூன் 4 அன்று முடிவு. 512. முந்தைய ஆண்டைவிட 121 அதிகம். ஆனால் அது என்ன ஆண்டு என்று உங்களுக்கு நினைவிருக்கும். 67 பேருக்கு 720க்கு 720, வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண், வழக்கு. எல்லாருடைய மதிப்பெண்ணும் ஏறியதில் அவள் ஏறியது காணாமல் போனது. அரசு மருத்துவக் கல்லூரி இடம் எட்டவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணத்தை அண்ணன் விசாரித்தான். விசாரித்தானே என்று நான் ஆச்சரியப்பட்டேன். கட்ட முடியாத தொகை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து பி.எஸ்சி. நர்சிங் அரசுக் கல்லூரியில் கிடைத்தது. பள்ளியில் எடுத்த மதிப்பெண் அங்கே செல்லும். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் புத்தகங்களைப் பிரித்து வைத்தாள். இரண்டு நல்ல புத்தகங்களிலும் ஒரு டிக் இல்லை. எல்லாவற்றையும் தனி நோட்டிலும் ஓஎம்ஆர் தாளிலும்தான் எழுதியிருந்தாள், வருடம் முழுக்க. நான் இதைக் கவனிக்கவே இல்லை. விடைப்பட்டியல் பக்கங்களைக் கத்தரித்து எடுத்துத் தனியாக ஊசி போட்டுத் தைத்தாள். எதிர்வீட்டுத் தையல்காரர் மகள் அப்போது பிளஸ் ஒன் முடித்திருந்தாள், அவளுக்குக் கீழே ஒரு தம்பி. அவளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். கொண்டுபோவதற்கு முன் பேனாவை எடுத்து இரண்டு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அந்தப் பெண்ணின் பெயரைப் பெரிதாக, அழியாத மையில் எழுதினாள்.

“எதுக்குடி, அவளே எழுதிக்குவாளே” என்றேன்.

“இல்ல அத்தை. இப்பவே எழுதலன்னா தம்பிக்குன்னு எடுத்து வச்சிருவாங்க.”